மறுபடி அழுத்தலாமா?

ஃபங்ஷன் என்றதும் நமக்குக் கல்யாண மண்டபம்தான் ஞாபகத்துக்கு வரும். புரோகிராம் எழுதுபவர்களுக்கு அது மாவு மில் மாதிரி. ஒன்றைப் போட்டால் இன்னொன்று வரும். அந்த ஃபங்ஷனை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல மூன்று வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். கோடிங் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் வார்த்தைகள் இவை.

முதலாவது, டிட்டர்மினிஸ்டிக். ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில். 7-ஐ 8-ஆல் பெருக்கினால் இன்றும் 56, தீபாவளி அன்றும் 56. லூடோ ஆப்பில் தாயம் உருட்டும் ஃபங்ஷன் இதில் சேராது. சேர்ந்தால் ஆட்டமே இருக்காதே!

இரண்டாவது, பியூர். ஒரே பதில் தந்தால் மட்டும் போதாது, வேறு எதையும் தொடவும் கூடாது. 56 என்று சொல்லிவிட்டு, அதை ஒரு ஃபைலிலும் எழுதி வைத்தால் பியூர் என்ற பெயர் போய்விடும். அந்தக் கூடுதல் வேலைக்குப் பெயர், மாத்திரைக்குச் சொல்வது போலவே, சைடு எஃபெக்ட். இங்கே அது கெட்ட வார்த்தை இல்லை. நாம் பணம் அனுப்புவதே ஒரு சைடு எஃபெக்ட்தான்.

மூன்றாவது, ஐடெம்பொடென்ட். அமெரிக்கக் கணித மேதை பெஞ்சமின் பியர்ஸ் 1870-ல் உருவாக்கிய சொல். லிஃப்ட் பட்டனைப் பத்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் ஒரு முறைதான் வரும். காலிங் பெல் அப்படியில்லை. பத்து முறை அழுத்தினால் பத்து முறை அடிக்கும், திட்டும் விழும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். போனில் கரண்ட் பில் கட்டுகிறீர்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெட் போய்விட்டது. பணம் போனதா, இல்லையா?

பணம் எடுக்கும் ஃபங்ஷன் பியூராக இருக்க முடியாது. ஆனால் அதை ஐடெம்பொடென்ட் ஆக்கலாம். ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஒரு தனி எண் கொடுத்துவிடுவார்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் இரண்டாவது முறை பணம் எடுக்காது, பழைய பதிலையே திருப்பி அனுப்பும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியே வந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் புது எண் உருவாகலாம். சர்வர் அதைப் புது பேமென்ட் என்றே நினைக்கும். அதனால் ஹிஸ்டரியையும் பேங்க் மெசேஜையும் பார்த்துவிட்டு, பிறகு அழுத்துங்கள்.