ஸ்காலர்ஷிப்னு சொல்லி கடனை நீட்டினா...

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். "நீதான் பி.காம். படிக்கிறியே தம்பி, எதுல சேக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். மஞ்சக்குட்டையில் பி.காம். படித்தாலே பாதி ஆடிட்டர் என்று நினைப்பு! (காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் அரியர் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.)

கவருக்குள் இரண்டு தாள். ஒன்று, கவுன்சிலிங்கில் கிடைத்த அரசு பொறியியல் கல்லூரி சீட், சிவில். இன்னொன்று மலைக்குக் கீழே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் பளபளப்பான நோட்டீஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, 50% ஸ்காலர்ஷிப், மீதிக்கு பேங்க் லோன் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். பையனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்த இடம் எது தெரியுமா? ஸ்காலர்ஷிப்பையும் லோனையும் ஒரே கட்டத்தில் போட்டு "நிதி உதவி" என்று தலைப்பு. "இப்போது கட்ட வேண்டியது: 0". அந்த 50% முதல் வருடத்துக்கு மட்டும்தான் என்பது அடியில் பொடி எழுத்தில்! கடன் எப்படிங்க உதவித்தொகை ஆகும்?

இது நம்ம ஊர் வித்தை மட்டுமில்லை. அமெரிக்காவில் கல்லூரிகள் மாணவர்களுக்கு அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களை அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஆராய்ந்து 2022ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உதவித்தொகை போக மாணவன் உண்மையில் ஏற்க வேண்டிய செலவை 91% கல்லூரிகள் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன.

சரி, கணக்குக்கு வருவோம். வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், 10% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நாலு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. தனிவட்டியே 1,40,000 ரூபாய். ஆக, முதல் தவணை கட்டும்போது கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல். முதல் சம்பளம் 15,000 என்றால் பாதி பேங்குக்கு! கடன் பத்திரத்தில் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அரசாங்கமே வட்டி கட்டும்னு அந்த காலேஜ்ல சொன்னாங்களே?" என்றார். 2009ல் வந்த மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் அது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கணும், கல்லூரிக்கு உரிய அங்கீகாரமும் இருக்கணும். அப்போதும் தவணை தொடங்கும் வரையிலான வட்டி மட்டும்தான். அதோடு மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் தமிழக அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடையாது. கவுன்சிலிங்கில் போனால் உண்டு.

இதில் இன்னொரு கொடுமை. 2021ல் வந்த 7.5% ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இவனை இரண்டு வருடம் கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார் அக்கா. அதனால் அது போச்சு.

கல்விக்கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2001ல் வங்கிகள் கொண்டுவந்த திட்டப்படி 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வாங்கலாம். பத்திரம் வைக்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களுக்கு அது பெரிய கதவு. அதைக் கடன் என்று சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இலவசம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கடைசியில் தவணை எவ்வளவு என்று தனித்தனியாக அச்சடிக்காத கல்லூரிக்கு அட்மிஷன் நடத்தவே அனுமதி தரக்கூடாது.

சிவிலிலேயே சேரட்டும் என்றேன். பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. "அண்ணா, சிவில் படிச்சா அந்த ஏழாயிரமாவது சம்பாதிப்பேனா?" என்றான். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அக்கா தாள்களைக் கவருக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.