ஏரிப் பூச்சிக்கு எவ்வளவு கொழுப்பு!

கொழுப்பு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு அர்த்தம். எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு இருப்பது ஒன்று. இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கக் காரணமாவது மற்றொன்று. நான் இந்த வாரம் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். அது ஏரியில் விளைகிறது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது திருநின்றவூர். பக்தவத்ஸலப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் உண்டு. பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊராயிற்றே என்று இருதயாலீசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்களும் உண்டு. இருதயக் கோளாறு உள்ளவர்கள் வேண்டிக்கொள்ளும் சந்நிதி அது. தரிசனம் முடிந்ததும் ரயிலைப் பிடிக்கும் அவசரம். ஊரில் பெரிய ஏரி ஒன்று இருப்பதை யார் பார்க்கிறார்கள்? ஆனால், இருதயத்துக்கும் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய சரக்கு ஒன்று இத்தகைய ஏரிகளில்தான் உற்பத்தியாகிறது.

மழைக்காலத்து ஈசலை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் அதைப் பொரியுடன் சேர்த்து வறுத்துத் தின்பார்கள். எண்ணெய்ச் சத்துக்குக் குறைவே இல்லை. ஆனால், அதில் பெரும்பகுதி நம் கடலை எண்ணெயிலும் பாமாயிலிலும் இருக்கிற அதே ஒலீயிக், பால்மிடிக் அமிலங்கள்தாம். தட்டான் கதை வேறு. அது குஞ்சுப் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள் கழிக்கிறது. அதன் உடம்பில் ஈகோசாபென்டஈனோயிக் அமிலம் சேர்கிறது. (ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி இனாம்!) ஒமேகா-3 என்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. தரையில் வாழும் பூச்சிகளில் இதைத் தேடினால் அநேகமாக ஏமாற்றந்தான்.

தட்டான் இதைத் தானாகச் செய்துவிடவில்லை. டயாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் குடியிருந்துகொண்டு இதைத் தயாரிக்கிறது. பாசியைச் சிறு பூச்சி தின்கிறது. அதைத் தட்டான் குஞ்சு தின்கிறது. இரண்டையும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் தின்கின்றன. மீன் நம் சட்டிக்கு வருகிறது.

கொசுவுக்குக்கூட இந்த ரகக் கொழுப்பு வேண்டியிருக்கிறது. 1979-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இத்தகைய கொழுப்பு அமிலம் இல்லாத உணவில் வளர்ந்த கொசுக்களால் பறக்கவே முடியவில்லை. பறக்காத கொசு! கேட்கவே எவ்வளவு ஆனந்தமாக இருக்கிறது!

குழந்தைக்கு எவ்வளவு ஊட்டினோம் என்று கணக்குப் பார்க்கும் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தார் 2016-இல் வெளியிட்ட சோதனை இது. தகைவிலான் குருவியின் குஞ்சுகளைப் பிரித்து, சிலவற்றுக்கு நிறைய உணவும் சிலவற்றுக்குக் கொஞ்ச உணவும் கொடுத்தார்கள். நீர்ப்பூச்சிக்குரிய கொழுப்போடு கொஞ்சமாகத் தின்ற குஞ்சுகள், அது இல்லாமல் வயிறு நிறையத் தின்ற குஞ்சுகளைவிட நன்றாகத் தேறின.

மரக்கறி வீட்டார் முகம் சுளிக்க வேண்டாம். ஆளி விதையிலும் கீரையிலும் இதன் மூலப்பொருள் உண்டு. நம் உடம்பு அதில் ஒரு சிறு பங்கை மாற்றிக்கொள்கிறது. கடல் மத்தி மீனில் ஏரி மீனைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால், குருவிக்கும் கொக்குக்கும் மத்தி வாங்கிக் கொடுக்க ஆளில்லையே! அவற்றுக்கு ஏரிதான் அடுப்படி.

அந்த அடுப்படியில் நாம் கைவைக்கிறோம். சாக்கடை கலந்த ஏரியில் டயாட்டம் பின்வாங்கிவிடும். பச்சைப் பெயிண்டைக் கொட்டினாற்போல் நீலப்பச்சைப் பாசி மேலே படரும். இந்தப் பாசியில் அந்த அமிலம் கிட்டத்தட்டக் கிடையாது. அதைத் தின்றும் பூச்சி வளரும், மீனும் வளரும். தராசில் நிறை குறையாது. மீன்காரம்மாளிடம், “எந்த ஏரி மீன்? தண்ணீர் எப்படி இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பேரம் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். அப்புறம் கேட்டால் பதில் வராது!