பக்கவாதமும் பணிவிடைப் பாக்கியமும்

ஒருவனுக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் நம் ஜனங்கள் முதலில் தேடுவது டாக்டரையா? மந்திரிப்பவனையும், புறாவைக் கொன்று அதன் ரத்தத்தைக் கைகாலில் தேய்ப்பவனையும் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே! தோலில் தேய்த்த ரத்தம் மூளைக்கு எப்படிப் போகும் என்று கேட்பாரில்லை. பக்கவாதமென்பது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவதேயன்றி, கிரகத்தாலோ கர்மத்தாலோ வருவதல்ல. அடைப்பானால், தகுதியுள்ள நோயாளிக்கு நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாவதாக 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். புறா பிடிக்கப் போன நேரத்துக்கு எவ்வளவாகிறதென்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நாம் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய சங்கதி. பிழைத்து வீடு திரும்பியவனைப் பார்ப்பது யார்? மனைவி, இல்லாவிட்டால் மருமகள். புருஷனுக்குப் பணிவிடை செய்வது பாக்கியம் என்று சொல்லிவிட்டு ஊரார் போய்விடுகிறார்கள். எப்படிப் புரட்டிப் படுக்க வைத்தால் முதுகில் புண் வராது, விழுங்கத் திணறுகிறவனுக்குப் படுக்கையிலேயே கஞ்சி ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் இறங்கும் என்பதையெல்லாம் அவளுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? அதே வியாதி அவளுக்கு வந்தால் அந்தப் பாக்கியத்தை அவன் அனுபவிப்பானா? அப்போதும் மகளைத்தான் கூப்பிடுவான்!

இப்போது கண்ணை மூடினாற்போல் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவி ஒன்று வந்திருக்கிறது. மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்பது போலவே தோன்றும். நோயாளியைத் தூக்கும் முறையை அதில் பார்த்துப் பழகலாம். வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே கூடத்தில் கூடியது போல் தங்கள் கஷ்டத்தைப் பேசிக்கொள்ளலாம். பக்கவாதக்காரர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு மனச்சோர்வு வருகிறதென்பதால் இது அற்ப விஷயமல்ல. வீட்டுப் படியைத் தாண்டாத அந்த மனைவிக்கோ, தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவதே பெரிது. ஆதலால் நாம் இதை வரவேற்கிறோம்.

ஆனால் விஞ்ஞானமென்று பேர் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் பக்திதான். மெய்நிகர் முறையில் பயிற்சி கொடுத்த 72 ஆராய்ச்சிகளை 2017-ல் சேர்த்துப் பார்த்தார்கள். கையசைவுக்குச் சாதாரணப் பயிற்சியைவிட மேல் என்று ஏற்படவில்லை. அதனுடன் சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலனிருக்கலாம் என்றே கண்டார்கள். 2025-ல் 190 ஆராய்ச்சிகளைப் பார்த்தபோது கைக்குச் சற்று நலம் என்ற அளவுக்கு வந்தது. சற்று நலமானாலும் நலமே, அற்புதமல்ல.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரிடம் நடந்து 2017-ல் வெளிவந்த சோதனை. குடும்பத்தாருக்கே பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சாவும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பதும் குறையவில்லை. ஆகவே, கருவியைக் கொடுத்துவிட்டோம், இனி உன் பாடு என்று அவள் தலையில் கட்ட எவருக்கும் நியாயமில்லை. தாலுகா ஆஸ்பத்திரி தோறும் பயிற்சி வைத்தியர் வேண்டும். அவர் வீடுகளுக்கும் வர வேண்டும். கருவியும் அங்கே இருக்கட்டும். அதை முதலில் அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் மாட்டிக்கொண்டு கற்று, ராத்திரியில் நோயாளியைப் புரட்டிப் போடும் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும்.