மாற்று நிலையம் கைகொடுக்குமா? சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. நவராத்திரி வாரம். அன்று பிற்பகலில் சிங்டெல்லின் தரைவழித் தொலைபேசிச் சேவை தடைப்பட்டது. வீட்டுத் தொலைபேசிகள் மட்டுமல்ல, மருத்துவமனைகள், வங்கிகள் போன்றவற்றின் எண்களும் பாதிக்கப்பட்டன. 995, 999 ஆகிய அவசர எண்களைத் தொடர்புகொள்வதிலும் சிக்கல் ஏற்பட்டது. குறுஞ்செய்தி அனுப்புவோர் 70995, 70999 எண்களைப் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பு வந்தது. சேவை சில மணி நேரத்தில் திரும்பியது.

கைப்பேசிக் காலத்தில் தரைவழித் தொலைபேசி யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். வீவக வீடுகளில் தனியாக வசிக்கும் மூத்தோர் பலருக்கு வேண்டும். தேக்கா வட்டாரத்து மளிகை, நகை, உணவுக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் 6-இல் தொடங்கும் எண்களை இன்றும் பார்க்கலாம். வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமான எண்களை எந்தக் கடைக்காரரும் எளிதில் விடமாட்டார்.

அந்த எண்களுக்குப் பின்னாலுள்ள தொழில்நுட்பம்தான் மாறிவிட்டது. இன்று குரல் பெரும்பாலும் இணையத் தரவாகவே பயணம் செய்கிறது. ஒரு கட்டமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பைக் கைமாற்றிவிடும் கருவிக்குக் குரல் நுழைவாயில் என்று பெயர். பெரிய நிறுவனங்கள் இத்தகைய நுழைவாயில்களை வெவ்வேறு இடங்களிலுள்ள இரண்டு தரவு நிலையங்களில் வைக்கின்றன. ஒன்று செயலிழந்தால் மற்றது பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் இது எளிது. முதல் நிலையத்திடம் சில விநாடிகளுக்கு ஒருமுறை “இருக்கிறாயா?” என்று ஒரு செய்தி போகும். பதில் வராவிட்டால் அழைப்புகள் இரண்டாவது நிலையத்துக்குத் திருப்பிவிடப்படும். முழுவதுமாக விழுந்த கருவியைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. அரைகுறையாக விழுந்த கருவிதான் ஆபத்தானது. கேள்விக்கு “இருக்கிறேன்” என்று அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அழைப்பு போகாது, அல்லது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லாம் நன்றாக நடப்பதாக நம்பிக்கொண்டு மாற்று நிலையம் சும்மா இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8ஆம் தேதி கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. ஆப்டஸ் கட்டமைப்பு நாடு முழுவதும் முடங்கியது. ஒரு நிறுவனத்தின் சேவை இல்லாவிட்டால், 000 என்ற அவசர எண்ணுக்கான அழைப்பைக் கைப்பேசி தானாகவே வேறொரு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அனுப்ப வேண்டும். ஆனால் ஆப்டஸின் 3ஜி கோபுரங்கள் சில, பின்புலக் கட்டமைப்போடு தொடர்பு அறுந்த பிறகும் அலைவரிசையைப் பரப்பிக்கொண்டிருந்தன. சேவை இருப்பதாக நம்பிய கைப்பேசிகள் வேறு கோபுரத்துக்கு மாறவில்லை. 2,145 பேரால் அவசர எண்ணை எட்ட முடியவில்லை. பின்னர் அந்த நிறுவனத்துக்கு 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

மாற்று நிலையம் கைவிட்ட கதை சிங்கப்பூருக்கும் புதிதல்ல. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. மகாளய அமாவாசை. தீபாவளிக்கு நான்கு வாரம் இருந்தது. ஈக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் மேம்பாட்டுப் பணியின்போது குத்தகையாளர் தவறாக அனுப்பிய ஒரு சமிக்ஞையால் குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பான்கள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது. அங்கு கணினிகளை வைத்திருந்த டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் முடங்கின. இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. இரண்டும் உடனே அதற்கு மாற முயன்றன. டிபிஎஸ்ஸில் கட்டமைப்பு அமைப்புமுறையில் இருந்த ஒரு பிழை தடுத்தது. சிட்டிபேங்க்கிற்கு இணைப்புக் கோளாறு. சேவைகள் மறுநாள்தான் முழுமையாகச் சீராயின. சுமார் 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது குளிரூட்டியை அல்ல. இயந்திரம் பழுதாவது இயல்பு. மாற்று நிலையத்துக்குப் போகும் பாதையில் பிழை இருந்தது அந்தச் சனிக்கிழமைதான் வெளிப்பட்டது என்பதே உறுத்தலானது. முக்கியக் கணினி அமைப்புகள் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. டிபிஎஸ் அத்தியாவசியமற்ற நடவடிக்கைகளை ஆறு மாதம் நிறுத்திவைக்க வேண்டுமென ஆணையம் உத்தரவிட்டது.

அப்படியானால் முன்கூட்டியே சோதிப்பதுதானே? சோதிக்கிறார்கள். ஆனால் எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதிகாலை 3 மணிக்கு, முதல் நிலையத்தை முறைப்படி நிறுத்திவிட்டு, இரண்டாவது வழியாகப் பத்து அழைப்புகள் போட்டுப் பார்ப்பது ஒரு வகை. பத்தும் போகும், அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்று எழுதிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் ஊழியர்கள் கூடி, ஊருக்குப் பேசும் நேரத்தில் அதே நிலையம் தாங்குமா என்பதை அந்த அறிக்கை சொல்லாது. நுழைவாயில் மாறும்போது பல்லாயிரக்கணக்கான தொலைபேசிகள் ஒரே சமயத்தில் தங்களைப் புதிதாகப் பதிவுசெய்ய முண்டியடிக்கும். அந்த நெரிசலே இரண்டாவது நிலையத்தையும் சாய்த்துவிடலாம்.

சோதனை என்றால் கம்பியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பாதி வேலை செய்யும் கருவியை வேண்டுமென்றே உருவாக்கிப் பார்க்க வேண்டும். சில வாரங்களுக்கு இரண்டாவது நிலையத்தையே முதன்மையாக ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணமும் உண்டு. சோதனையின்போது நூறு அழைப்புகள் அறுந்தால் அந்தப் பழி அதிகாரியின் தலையில் விழும். சோதிக்காமல் விட்டதற்கு யாரும் அன்றே கேள்வி கேட்பதில்லை.

இரண்டு நிலையங்கள் இருப்பது மட்டும் போதாது. அவற்றுக்கான கம்பிகளும் வெவ்வேறு வழியில் போக வேண்டும். 2013 அக்டோபர் 9இல் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தின் கம்பி அறையில், பராமரிப்பு வேலைக்கு விதிமீறிப் பயன்படுத்திய தீக்குழலால் தீ மூண்டது. ஓர் அறை எரிந்ததில் தீவின் வடக்கிலும் மேற்கிலும் தொலைபேசி, இணையச் சேவைகள் பாதிக்கப்பட்டன. சிங்டெல்லுக்கு 60 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

வீட்டிலும் கடையிலும் செய்யக்கூடியவை சிலவே. இணையம் வழி இயங்கும் தொலைபேசி, மோடத்துக்கு மின்சாரம் போனால் ஊமையாகிவிடும். ஆகவே அதே நிறுவனத்தின் கைப்பேசிச் சேவையையே மாற்றாக வைத்திருப்பதைவிட வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை பாதுகாப்பானது. 70995, 70999 இரண்டையும் பெற்றோரின் கைப்பேசியில் பதிந்துவைத்து, குறுஞ்செய்தியில் முதலில் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் எழுதச் சொல்லிக்கொடுக்கலாம்.