கேட்பவர் நம் வீட்டார் என்றால்

அன்பார்ந்த குடும்பத்தாருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெரிய சனி இரவில், என் பங்கில் இளம்பெண் ஒருத்தி திருமுழுக்குப் பெற்றாள். மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிபவள். இரண்டு ஆண்டுகள் மறைக்கல்வி கற்று, தன் சொந்த விருப்பத்தால் வந்தவள். அன்றிரவு அவளுடைய வீட்டார் ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த வாரம் கண்ணீரோடு வந்து நின்றாள்.

"சாமி, அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காசுக்காக மாறினாயா என்கிறார். நாளைக்கே நம் குலதெய்வத்தைப் பேய் என்பாய் என்கிறார்."

அண்ணனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பேருந்து நிலையத்தில் ஒருவர் ஒலிபெருக்கி வைத்துப் பிறருடைய தெய்வங்களைப் பழித்ததை அவர் தம் காதால் கேட்டிருக்கிறார். அதைப் போன்ற காணொளிகள் நாள்தோறும் அவருடைய கைப்பேசிக்கு வருகின்றன. அவர் அறிந்த கிறிஸ்தவம் அவ்வளவே.

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். வினா விடையாக அமைந்த சிறு நூல் ஒன்றை அவள் கையில் கொடுத்து, "இதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டேன். அவளும் கருத்தாய்ப் படித்துப் போய் வாதிட்டாள். வாதத்தில் வென்றாள், அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

திரும்பி வந்து அவள் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. "சாமி, புத்தகத்தில் இருந்த கேள்வி எதையும் அம்மா கேட்கவில்லை. நான் கண்ணை மூடும்போது என் வாயில் பால் ஊற்ற நீ வருவாயா, அதற்கும் உங்கள் கோயிலில் தடை உண்டா என்றுதான் கேட்டார்கள்."

அன்புக்குரியவர்களே, வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பகை அன்று, அச்சமே. மகளை இழந்துவிட்டோமோ என்னும் அச்சம். அதற்கு நூலறிவு மட்டும் மருந்தாகாது. நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்கு விடைசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாய் இருங்கள் என்று எழுதிய புனித இராயப்பர், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யுங்கள் என்றும் சேர்த்தே எழுதினார். முதற்பகுதியை நாம் மனப்பாடம் செய்கிறோம், பிற்பகுதியை மறந்துவிடுகிறோம்.

எனவே முதலில், குற்றச்சாட்டில் உண்மை இருந்தால் அதை ஒப்புக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். உண்மைக்குத் தொண்டு செய்வதாக எண்ணி அன்பற்ற வழிகளைக் கையாண்ட பாவமும் அவற்றுள் ஒன்று. பாப்பரசர் தலைகுனிந்த இடத்தில் நாம் நிமிர்ந்து நின்று வாதாட வேண்டியதில்லை.

அடுத்து, திருச்சபையின் போதனையைத் தெளிவாகச் சொல்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில் இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று கூறியது. அதே ஆண்டு டிசம்பர் 7-இல் வெளியான மறைபரப்புப் பணி ஏடு, ஒருவரை வற்புறுத்தியோ தகாத வழிகளால் கவர்ந்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவோம்? நமக்கே தெரியாததை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது?

அதற்காக, "எல்லாம் ஒன்றுதான்" என்று மழுப்புவதும் முறையன்று. இயேசுவே என் ஆண்டவர் என்று சொல்ல அந்தப் பெண் தயங்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவளுக்குக் காலம் வாய்த்த விதம் வேறு.

தாய் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். மகள் விடுப்பெடுத்து வந்து, குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருந்தாள். பெற்றோரைப் பேணுதல் நமக்கு நான்காம் கட்டளை அல்லவா! ஒருநாள் மாலை அண்ணன் திண்ணையில் அமர்ந்து, "இதையும் உங்கள் சாமிதான் சொல்கிறாரா?" என்றார். "ஆமாம் அண்ணா. அவரை அறிந்த பிறகுதான் அம்மாவை நான் இன்னும் அதிகமாய் நேசிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் மதம் மாறவில்லை. யாரும் அவரை மாறச் சொல்லவுமில்லை. ஊருக்கு அவள் வரும் ஞாயிறுகளில் அவரே தம் வண்டியில் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார்.

முடிக்குமுன் ஒன்று கேட்கிறேன். எங்கோ சிலர் செய்ததை வைத்து நம்மை எடைபோடும்போது நெஞ்சு நோகிறதே, அடுத்த தெருவில் வாழும் முஸ்லிம் குடும்பத்தை நாம் எதை வைத்து எடைபோடுகிறோம்? செய்தித்தாளை வைத்தா, அவர்களோடு பழகிய பழக்கத்தை வைத்தா? இம்மாதக் குடும்ப செபத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் இதைக் கலந்து பேசுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

இயேசுவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை