மௌனம் சம்மதமல்ல!

அறுவை சிகிச்சை அரங்கில் ரோபோ என்பது இந்தியாவுக்குப் புதிய செய்தியல்ல. தலைநகர் தில்லியில் 2002-ஆம் ஆண்டிலேயே இதய அறுவை சிகிச்சைக்கு அது பயன்படுத்தப்பட்டது. 2006-இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறைக்கு வந்தது. இறக்குமதிக் கருவிகளையே நம்பியிருந்த நிலையும் மாறிவிட்டது. குருகிராமில் உருவாக்கப்பட்ட 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' கருவியைக் கொண்டு, 2025 ஜனவரியில் அங்கிருந்தபடியே ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. இந்தியப் பொறியியலும் மருத்துவமும் கைகோத்து நிகழ்த்திய இந்தச் சாதனை பெருமைக்குரியது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், ரோபோ என்று இதுவரை நாம் அழைத்து வந்தது, மருத்துவரின் கையை நீட்டித்துத் தரும் கருவியை மட்டுமே. அந்தக் கை நடுங்காது, களைக்காது, மனித மணிக்கட்டு திரும்ப முடியாத கோணத்திலும் திரும்பும். தொட்டால் உணர்வது மட்டும் அதற்கு இல்லாமல் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, உலகெங்கும் அதிகமாகப் பயன்படுத்தப்படும் 'டா வின்சி' கருவியை இயக்கும் மருத்துவர், திசுவை எவ்வளவு அழுத்தத்துடன் இழுக்கிறோம் என்பதைத் திரையில் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த விசையைக் கைக்கு உணர்த்தும் வசதியுடன் அதன் ஐந்தாம் தலைமுறைக் கருவி அனுமதி பெற்றது 2024 மார்ச்சில்தான்.

அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. நோயாளியின் நரம்பு தரும் சமிக்ஞையை அறிந்து, அதற்கேற்ப மேலே செல்லவோ, நிற்கவோ கூடிய கருவிகள் உருவாகி வருகின்றன. இதற்கான தெளிவான முன்னோடி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கிறது. செவித்திறன் இழந்தவர்களுக்கு 'காக்ளியர்' கருவி பொருத்துவதற்காகக் காதின் பின்புற எலும்பில் நுண்ணிய துளையிடும் ரோபோவை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடிவமைத்தனர். முகத்தை அசைவிக்கும் நரம்புக்கும் சுவையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. அதன் வழியாகத்தான் துளை செல்ல வேண்டும். சற்றே விலகினால் நோயாளியின் முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்துவிடும். முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட இந்தச் சிகிச்சையின் விவரம் 2017-இல் 'சயின்ஸ் ரோபாடிக்ஸ்' இதழில் வெளியானது.

இதன் அடிப்படை எளிமையானது. முகத்தின் தசைகளில் மெல்லிய மின்முனைகள் பொருத்தப்படுகின்றன. துளையிடுதலை இடையிடையே நிறுத்தி, துளைக்குள்ளிருந்து மிகக் குறைந்த அளவு மின்சாரம் செலுத்தப்படுகிறது. குறைந்த மின்சாரத்துக்கே தசை துடித்தால் நரம்பு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். மின்சாரத்தைக் கூட்டிய பிறகே துடித்தால் இன்னும் இடமிருக்கிறது. தைராய்டு அறுவை சிகிச்சையில் குரல் நரம்பைக் காக்கவும், தண்டுவட அறுவை சிகிச்சையில் கால்கள் செயலிழக்காமல் தடுக்கவும் இதே முறை பல ஆண்டுகளாகக் கையாளப்படுகிறது. ஆனால், இவற்றில் பெரும்பாலும் நரம்பைக் கண்காணிக்கும் கருவி வேறு, அறுக்கும் கருவி வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மனிதரின் இடத்தை மென்பொருளிடம் ஒப்படைப்பதுதான் இப்போது நடந்துவரும் முயற்சி.

கவலை தொடங்குவதும் இங்கேதான். தசை துடித்தால் ஆபத்து என்பதில் குழப்பமில்லை. துடிக்காவிட்டால்? நரம்பு தொலைவில் இருக்கிறது என்றும் கொள்ளலாம். மின்முனை கழன்றுவிட்டது என்றும் கொள்ளலாம். மயக்க மருந்துடன் வழக்கமாகச் செலுத்தப்படும் தசைத் தளர்வு மருந்தின் வீரியம் குறையாதிருந்தாலும் தசை துடிக்காது. அதனால்தான் நரம்புக் கண்காணிப்பு உள்ள அறுவை சிகிச்சையில் அந்த மருந்தை எப்போது, எவ்வளவு தருவது என்பதை மயக்கவியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்கிறார்கள். நரம்பு ஏற்கெனவே அறுபட்டிருந்தாலும் கூட மௌனம்தான் பதில். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது வீட்டுப் பேச்சுக்குப் பொருந்தலாம், அறுவை அரங்குக்குப் பொருந்தாது. எந்த மௌனம் எதைக் குறிக்கிறது என்று பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இல்லாதபோது, கருவி எவ்வளவு விலை உயர்ந்ததோ, அந்த அளவுக்குத் தவறான நம்பிக்கையையும் அது ஏற்படுத்திவிடும்.

இந்தியாவின் நிலை இதில் திருப்தியளிப்பதாக இல்லை. கோடிக்கணக்கில் செலவிட்டு ரோபோ வாங்கும் மருத்துவமனை அதை முழுப் பக்க விளம்பரமாக வெளியிடுகிறது. நரம்புக் கண்காணிப்புக்கு ஒரு தொழில்நுட்பர் நியமிக்கப்பட்டதை எந்த மருத்துவமனையும் விளம்பரப்படுத்தி யாரும் பார்த்திருக்க முடியாது. இத்தகைய பணியாளர்களின் கல்வித் தகுதியையும் பதிவையும் நெறிப்படுத்தத்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. மாநிலங்கள் அதற்கான கவுன்சில்களை அமைக்காமல் காலம் கடத்தியதால், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாத கெடு விதிக்க வேண்டியதாயிற்று. கருவியை இறக்குமதி செய்யும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூட ஆளை உருவாக்குவதில் இல்லை.

கருவிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அப்படித்தான். மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 முதல் நடைமுறையில் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், மென்பொருள் உள்பட, சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. கருவிகளால் நேரும் பாதிப்புகளைத் திரட்டுவதற்கான தேசியத் திட்டம் 2015-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால், மருத்துவமனைகள் தாமாக முன்வந்து தெரிவித்தால்தான் அதில் தகவல் சேரும். தன் அரங்கில் நடந்த தவறை எந்த மருத்துவமனை தானாக முன்வந்து சொல்லும்? அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை ரோபோ அறுவை சிகிச்சை தொடர்பாக அரசுக்கு வந்த அறிக்கைகளை ஆய்வாளர்கள் தொகுத்தபோது, 10,624 நிகழ்வுகள் தெரியவந்தன. அவற்றில் 144 மரணங்கள், 1,391 காயங்கள், 8,061 கருவிக் கோளாறுகள். சிகிச்சைகளின் மொத்த எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் இவை குறைவுதான். அங்கே கணக்கு இருக்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் செயற்கை இடுப்பு மூட்டு விவகாரமே சாட்சி. குறைபாடுள்ள அந்த மூட்டு 2010 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்திய நோயாளிகளின் பாதிப்பை ஆராய மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017-இல். பொருத்திக் கொண்டவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதே பெரும் வேலையாகிவிட்டது. உடலுக்குள் தங்கிவிடும் உலோகத்துக்கே இந்த நிலை என்றால், அறுவை சிகிச்சை முடிந்ததும் சுவடின்றி மறைந்துவிடும் மின்சமிக்ஞையை வைத்து நோயாளி எதை நிரூபிக்க முடியும்?

முகம் கோணிப்போன அல்லது குரல் போன நோயாளி நீதிமன்றத்தை அணுகும்போது, மருத்துவர் கருவியைக் கைகாட்டுவார், உற்பத்தியாளர் மருத்துவரைக் கைகாட்டுவார். உற்பத்தியாளருக்கும் பொறுப்பு உண்டு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சையின் தன்மையையும் அபாயத்தையும் மாற்று வழிகளையும் விளக்கிச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கத்தியை எந்த இடத்தில் மருத்துவர் நிறுத்துகிறார், எந்த இடத்தில் கருவி தானே நிறுத்துகிறது என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறாவிட்டால், ஒப்புதல் படிவத்தில் வாங்கப்படும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, நரம்புச் சமிக்ஞைக்கு ஏற்ப இயங்கும் எந்தக் கருவிக்கும் அனுமதி வழங்கும் முன் இரண்டு நிபந்தனைகளை விதிக்க வேண்டும். சமிக்ஞை இல்லாதபோது கருவி மேலே செல்லாமல் நிற்க வேண்டும். மீண்டும் இயக்கும் முடிவைத் தகுதி பெற்ற மனிதர் மட்டுமே எடுக்க வேண்டும். அத்துடன், ரோபோ அறுவை சிகிச்சையில் நேரும் கோளாறுகளைத் தெரிவிப்பதை மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்குவதும் அவசியம்.

மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. எந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் செலுத்தப்பட்டது, தசை எப்படிப் பதிலளித்தது, கருவி என்ன செய்தது என்று ரோபோ தன்னுள் பதிந்து வைக்கும் விவரமும் அந்த ஆவணத்தில் அடங்கும் என ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் ஓர் அறிவிக்கை போதும்.