ஓடுமா என்று பார்க்க

பெங்களூரு ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். தகப்பனார் என்றோ வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்புக்கு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக ஒரு ராம் வாங்கிப் பொருத்தி, படிப்பையும் பொழுதுபோக்கையும் அந்த ஒரு சாதனத்தைக் கொண்டே நடத்திவருபவன். சென்ற வாரம் ஓர் இரவு, அயல்நாட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்து வெளியிட்ட ஒரு விளையாட்டின் கிராக் செய்த பிரதியை அவன் டோரண்டில் இறக்கியிருந்தான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவும்படி உடன் வந்த குறிப்பு சொல்லிற்று, அணைத்தான். விசிரன்டைம்140.டிஎல்எல் என்ற கோப்பைக் காணோம் என்று ஒரு சிறு பெட்டி திரையின் நடுவே தோன்றியது; அந்தக் கோப்பையும் எங்கிருந்தோ தேடி இறக்கி வைத்தான். விளையாட்டு திறந்தது, முதல் காட்சி முடிந்து கதவு திறக்கும் இடத்தில் அப்படியே நின்றுபோயிற்று. "கேமே சரியில்ல அங்கிள், டெஸ்ட் பண்ணாம விட்டுட்டாங்க" என்றான். காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்டேன். "ஓடுதான்னு பாக்கத்தான் எறக்கினேன், ஓடுச்சுன்னா வாங்கிடுவேன்" என்றான்.

அந்தப் பதிலைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் வாங்குகிறவன் அதைத் தன் கண்ணால் படிக்க முடியுமா என்று சந்தேகப்படுவதில்லை; சினிமாவுக்குச் சீட்டு வாங்குகிறவன் படம் தன் முன் ஓடுமா என்று அஞ்சுவதில்லை; கணினி விளையாட்டு ஒன்றில்தான், பொருள் நல்லதாகவும் விலை நியாயமாகவும் இருந்துங்கூட, அது என் வீட்டு இயந்திரத்தில், என் கிராஃபிக்ஸ் கார்டில், என் விண்டோஸில் நடக்குமா என்ற கேள்வி வாங்குபவனுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கிறது. விற்பனைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை என்று நான்கு வரிகள் போட்டிருக்கும். தனியே கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை வைத்திருக்கும் பையனுக்கு அந்த வரிகள் எந்தத் தைரியத்தையும் தருவதில்லை.

ஆனால் அவன் சொன்ன தீர்ப்பு தவறானது. அதுவும் எவ்விதமான தவறு என்பதை விளக்கியே ஆகவேண்டும். காணோம் என்று கணினி முறையிட்ட அந்தக் கோப்பு மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பைச் சேர்ந்தது. முறையாக ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால், விளையாட்டை முதன்முறை திறக்கும்போது அதற்குத் தேவையான தொகுப்பையும் ஸ்டீமே நிறுவியிருக்கும். திருட்டுப் பிரதியைக் கட்டி அனுப்புகிறவர் பல வேளைகளில் அதை விட்டுவிடுகிறார். வெளியான முதல் வாரத்தில் வாங்கியவர்கள் எழுதும் புகார்களைக் கொண்டு விளையாட்டைச் செய்தவர்கள் இரவு பகலாகத் திருத்தி வெளியிடும் பேட்ச்சுகள் டோரண்டில் உறைந்துகிடக்கும் பிரதிக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. ஆகவே திருட்டுப் பிரதியில் விளையாடுகிறவன் காண்பது அந்த விளையாட்டின் மிக மோசமான நாளைத்தான். அதையே அதன் குணமென்று நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறான்.

இந்த அபவாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2006-இல் வெளிவந்த டைட்டன் குவெஸ்ட் ஒரு சாட்சி. ஐயன் லோர் என்ற அமெரிக்க நிறுவனம் அதைச் செய்தது, டிஎச்கியூ வெளியிட்டது. விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே திருட்டுப் பிரதிகள் பரவின. அவற்றில், விளையாட்டினுள் வைத்திருந்த பாதுகாப்புச் சோதனை ஓர் இடத்தில் எவ்வித விளக்கமுமின்றி விளையாட்டை மூடிவிட்டது. காரணம் அறியாதவர்கள் இது பிழை மலிந்த சரக்கு என்று எங்கும் எழுதினார்கள். அந்தப் பேச்சு காசு கொடுக்க இருந்தவர்களின் காதிலும் விழுந்தது. 2008-இல் ஐயன் லோர் மூடப்பட்டபோது டிஎச்கியூவின் மைக்கேல் ஃபிட்ச் இதை மனம் நொந்து வெளிப்படையாகவே எழுதினார். மூடியதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் திருடுபவனுக்கு வைத்த பொறியில் செய்தவனின் நற்பெயர் அகப்பட்டுக்கொண்டது உண்மை.

இதற்கு நேர்மாறாக நடந்தவர் சுவீடனின் யோனதான் சோடர்ஸ்ட்ரோம். அவரும் டென்னிஸ் வெடினும் செய்த ஹாட்லைன் மயாமி 2012 அக்டோபரில் வெளியானபோது பலருடைய கணினிகளில் தகராறு செய்தது; தம் விளையாட்டின் களவுப் பிரதி கிடந்த இடத்துக்கே அவர் சென்று, விளையாட முடியாமல் தவித்தவர்களுக்கு யோசனை சொல்லி, திருத்திய பதிப்பை அங்கும் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். பறிகொடுத்தவர் பறித்தவனுக்கு உபகாரம் செய்வதா என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற பிள்ளை எவர் வீட்டில் இருந்தாலும் சட்டை கிழிந்து நிற்கலாகாது என்று நினைக்கும் மனத்தையே நான் அதில் காண்கிறேன்.

அந்த மனத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஆஸ்திரேலியாவில் பேட்ரிக், டேனியல் க்ளுக் என்ற சகோதரர் இருவர் 2013 ஏப்ரலில் கேம் டெவ் டைக்கூன் என்ற தங்கள் முதல் விளையாட்டைத் தங்கள் தளத்திலேயே விற்பனைக்கு வைத்தார்கள். முதல் நாள் முடிவில், அவர்கள் எண்ணிக்கையில் தெரிந்தவரை, 214 பேர் வாங்கியிருந்தார்கள், 3,104 பேர் திருட்டுப் பிரதியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டிலே புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி என்ற விளையாட்டு, 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்ட தொகை சேராமல் போனபின், நிறுவியவர்கள் தரப்பில் வீடு விற்ற பணமும் சேர்ந்து 2020-இல் வெளிவந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் எந்தப் பெரிய முதலாளியும் இல்லை. ஒரு பிரதி விற்காமற்போவது அவர்களுடைய அடுத்த மாத வாடகையில் தெரியும்.

சட்டம் இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, களவுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கும் சிறையும் அபராதமும் விதிக்கிறது. மாடிப் போர்ஷன் பையனைப் போலீஸ் தேடி வரும் என்று எவரும் நம்புவதில்லை; நானும் அதை விரும்பவில்லை. பிரதியெடுப்பதைத் தடுக்க வைக்கும் பூட்டுகளும் பயன்படவில்லை. 2008-இல் ஸ்போர் என்ற விளையாட்டை மூன்று கணினிகளுக்குமேல் நிறுவவிடாமல் பூட்டி விற்றார்கள். விலை கொடுத்தவர்கள் சினந்தார்கள், திருட்டுப் பிரதியோ பூட்டின்றி உலகெங்கும் ஓடியது.

பணத்தைத் திருப்பித் தரும் முறை இருக்கிறதே என்பார்கள். ஸ்டீமில் 2015 முதல், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். அதே ஆண்டு ரூபாய் விலையும் வந்தது. ஓடாவிட்டால் நஷ்டமில்லை என்ற இந்த உறுதியை நம் பிள்ளைகள் பலர் அறியவேயில்லை. அறியச் செய்வது நல்லது. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள்: கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்தும் கறைபட்டும் போன தன் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு இட்லி முதலாய் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சமைப்பதே விளையாட்டு, அடுத்த ஆண்டு பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது பெற்றது. முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இத்தகைய சிறு சிருஷ்டியை முழுக்க அநுபவித்துவிட்டுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்றால், ஓடுமா என்ற நியாயமான கேள்விக்காக ஏற்பட்ட வாசல் நியாயமற்றவனுக்கும் திறந்துகிடக்கிறது.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: சிறு விளையாட்டு செய்கிறவர்கள், பூட்டுக்குச் செலவிடும் பிரயாசையை ஒரு டெமோவுக்குச் செலவிடட்டும், அழகான முதல் காட்சியைக் காட்டும் டெமோவாக அல்லாமல், இயந்திரத்தை அதிகம் வருத்தும் காட்சி எதுவோ அதையே எடுத்து இலவசமாக வைக்கட்டும், எந்தப் பழைய லேப்டாப்பில், எந்த அமைப்பில், எவ்வளவு சுமாராக ஓடிற்று என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். அவ்வளவும் செய்தபின் ஓடுமா என்று பார்க்கத்தான் இறக்கினேன் என்ற சமாதானத்துக்கு இடமில்லை. வாங்க மனமில்லாதவன் விளையாடாமல் இருக்கவேண்டியதுதான்.

விளையாட்டு நின்றுபோன மறுநாள் அந்தப் பையனும் நானும் அந்த விளையாட்டின் விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். கீழே ஒரு டெமோ இருந்தது; அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. இறக்கி ஓட்டினோம். எல்லா அமைப்பையும் 'லோ'வில் வைத்தபோது கதவு திறந்தது. ஆனால் மழை பெய்யும் அடுத்த காட்சியில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரையும் டிரைவரின் எண்ணையும் குறித்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஆங்கிலம் சரியா என்று என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினான். பதில் இன்னும் வரவில்லை. வாங்கவும் இல்லை. கிராக் செய்த பிரதியை அன்றிரவே அழித்துவிட்டதாகப் படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனான்.